நெலோர் மாடு

நெலோர் மாடு என்பது பிரேசில் நாட்டில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் திமிலுள்ள மாட்டினம் ஆகும். இந்தியாவின் ஓங்கோல் மாட்டினத்திலிருந்து இது உருவாக்கப்பட்டது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தின் பெயரே போர்த்துகீசிய ஒலிப்பில் 'நெலோர்' என்று ஆயிற்று. பிரேசிலில் 20 கோடிக்கும் மேற்பட்ட மாடுகள் உள்ளன. அவற்றுள் பெரும்பான்மை நெலோர் மாடுகளாகவோ நெலோர்க் கலப்புடையவையாகவோ இருக்கின்றன. உழவுக்கும் வண்டிக்கும் என்று வளர்க்கப்பட்ட ஓர் இந்திய இனம், கடல் கடந்து சென்று ஒரு நூற்றாண்டுக்குள் உலகின் மிகப்பெரிய இறைச்சி மாட்டுக் கூட்டங்களுள் ஒன்றாக மாறியது கால்நடை வரலாற்றில் அரிதான நிகழ்வாகும்.

பெயர்க்காரணம்

ஓங்கோல் மாட்டினத்தின் தாயகம் இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் குண்டூர், பிரகாசம், நெல்லூர் மாவட்டப் பகுதிகளாகும். 1953ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் பிரியும் வரை இவை சென்னை மாகாணத்தில் இருந்தன. ஓங்கோலைத் தலைநகராகக் கொண்ட பிரகாசம் மாவட்டம் 1970ஆம் ஆண்டில்தான் உருவானது. அதற்கு முன் 'ஓங்கோல்', 'நெல்லூர்' என்னும் இரு பெயர்களும் ஒரே இனத்தைக் குறிக்க வழங்கின. தமிழ்நாட்டிலும் இம்மாட்டை 'நெல்லூர் மாடு' என்று குறிப்பிடும் வழக்கம் இருந்தது. இந்தியாவில் 'ஓங்கோல்' என்ற பெயர் நிலைத்தது. பிரேசிலில் 'நெலோர்' நிலைத்தது. எனவே இரண்டும் வெவ்வேறு நாடுகளில் உருவான வெவ்வேறு இனங்கள் என்று எண்ணுவது பிழை. ஆயினும் நூறாண்டுக்கும் மேலாக வெவ்வேறு நோக்கங்களுக்காகத் தெரிவு செய்யப்பட்டமையால் இன்று அவற்றை ஒன்றெனவே சொல்லிவிடவும் முடியாது.

தாயகத்தில் ஓங்கோல் இனம்

ஓங்கோல் மாடு பெரிய உடலும், வெண்மை அல்லது சாம்பல் வெண்மை நிறமும், குட்டையான தடித்த கொம்புகளும், நன்கு வளர்ந்த திமிலும், தொங்கும் அலைதாடியும் உடையது. எருதுகள் கனமான பாரத்தை மெதுவாக இழுக்கவல்லவை. தமிழகத்தின் காங்கேயம் மாட்டைப் போல் விரைந்து நடப்பவை அல்ல. பசுக்கள் ஓரளவு நன்றாகவே பால் கறக்கும்.

இவ்வினத்தின் தரம் பல தலைமுறைகளாகக் காக்கப்பட்டதற்குக் 'கோயில் காளை' வழக்கம் ஒரு முக்கியக் காரணம். குடும்பத்தில் மூத்தவர் இறந்தால் அவர் நினைவாக ஒரு காளைக் கன்றைக் கோயிலுக்கு நேர்ந்து விடுவர். அக்கன்று ஊரில் உள்ள கன்றுகளிலேயே சிறந்ததாக இருக்க வேண்டும் என்பது மரபு. அது எவர் நிலத்திலும் மேயலாம்; யாரும் விரட்டுவதில்லை. ஊர்ப் பசுக்களுக்கெல்லாம் அதுவே பொலிகாளை. பதிவேடோ, சங்கமோ, அரசுப் பண்ணையோ இல்லாத காலத்தில் தெரிவு முறை இனப்பெருக்கம் இவ்வாறு நடைபெற்றது. ஒரு பசுவைக் கொண்டவனும் ஊரின் தலைசிறந்த காளையைச் செலவின்றிப் பயன்படுத்திக்கொள்ள முடிந்தது என்பதே இம்முறையின் வலிமை. ஆர். டபிள்யூ. லிட்டில்வுட் 1936இல் வெளியிட்ட தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய நூல் இவ்வினத்தையும் பிற தென்னிந்திய இனங்களையும் விரிவாக விளக்குகிறது.

பிரேசிலுக்குச் சென்ற வரலாறு

பிரேசிலில் கால்நடைகள் ஐரோப்பியக் குடியேற்றத்துடன் வந்தவை. போர்த்துகீசியர் கொண்டுவந்த திமிலற்ற மாடுகள் வெப்பத்திலும் உண்ணித் தொல்லையிலும் மெலிந்தே வளர்ந்தன. 1868ஆம் ஆண்டில் இங்கிலாந்து நோக்கிச் சென்ற ஒரு கப்பல் பாகியா மாநிலத்தின் சால்வடோர் துறைமுகத்தில் நின்றபோது அதிலிருந்த இரண்டு ஓங்கோல் மாடுகள் அங்கேயே விற்கப்பட்டன. இதுவே இவ்வினத்தின் முதல் வருகையாகக் கூறப்படுகிறது. 1878இல் ரியோ டி ஜெனிரோவைச் சேர்ந்த மனுவேல் லெம்குரூபர் என்பவர் செருமனியின் ஆம்பர்க் நகர விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து ஓர் இணையை வாங்கினார். ஆந்திரத்து மாடு ஆம்பர்க் வழியாகப் பிரேசிலை அடைந்தது விந்தையே. லெம்குரூபர் வழி என்ற பெயரில் அந்தக் கால்வழி இன்றும் தனியாகப் பேணப்படுகிறது.

1893இல் தியோஃபிலோ டி கோடோய் என்பவர் மினாஸ் செராயிஸ் மாநிலத்திலிருந்து நேரே இந்தியாவுக்கு வந்து மாடுகளை வாங்கிச் சென்றார். அவரைத் தொடர்ந்து உபெராபா நகரைச் சுற்றியுள்ள பண்ணையாளர்கள் பலர் இந்தியப் பயணம் மேற்கொண்டனர். கிர், காங்ரேஜ், ஓங்கோல் ஆகிய இனங்கள் கப்பல் கப்பலாகச் சென்றன. உபெராபா இன்றும் பிரேசிலின் திமில் மாட்டு வளர்ப்பின் தலைநகராக விளங்குகிறது. திமில் மாட்டு வளர்ப்போர் சங்கத்தின் தலைமையகமும் ஆண்டுக் கண்காட்சியும் அங்கேயே உள்ளன.

இந்திய மாட்டை எல்லோரும் வரவேற்கவில்லை. சாவோ பாவுலோவைச் சேர்ந்த மருத்துவர் லூயிஸ் பெரேரா பாரெட்டோ திமில் மாட்டைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அதன் இறைச்சி தரம் குறைந்தது, உள்நாட்டு இனங்களை அது கெடுத்துவிடும் என்பவை எதிர்ப்பாளர்களின் வாதங்கள். இறைச்சித் தரம் பற்றிய குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை இருந்தது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆனால் வெயிலில் நின்று புல்லை மேய்ந்து உயிர் பிழைக்கும் மாடு எது என்ற கேள்விக்குப் பண்ணைகளே விடை கூறின.

வெக்கை நோயும் இறக்குமதித் தடையும்

1920ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்கு அனுப்பப்பட்ட திமில் மாடுகள் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் சில நாட்கள் தங்க வைக்கப்பட்டன. அவற்றிடமிருந்து வெக்கை நோய் பெல்ஜிய மாடுகளுக்குப் பரவியது. இவ்வழிவு ஐரோப்பிய நாடுகளைத் திடுக்கிடச் செய்தது. இதன் விளைவாகவே 1924ஆம் ஆண்டு சனவரி 25இல் பாரிசில் பன்னாட்டு விலங்கு நோய் அலுவலகம் நிறுவப்பட்டது. உலக விலங்கு நல அமைப்பு என இன்று அறியப்படுவது இதுவே. 1921இல் பிரேசிலிலும் வெக்கை நோய் தோன்றியதால் இந்திய மாடுகளின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. (வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது.)

அதன் பின் 1930இல் தனி அனுமதியுடன் ஒரு தொகுதியும், 1960களின் தொடக்கத்தில் இறுதித் தொகுதிகளும் வந்தன. 1962இல் வந்த மாடுகள் அட்லாண்டிக் கடலில் உள்ள பெர்னாண்டோ டி நொரோன்யா தீவில் தனிமைப்படுத்தி வைக்கப்பட்ட பின்னரே நிலப்பகுதிக்குக் கொண்டுவரப்பட்டன. டோரஸ் ஓமெம் ரோட்ரிகஸ் டா குன்யா கொண்டுவந்த 'கர்வாடி' என்ற காளை இவற்றுள் புகழ்பெற்றது. ஓங்கோலுக்கு அருகிலுள்ள கரவதி என்ற சிற்றூரின் பெயரே அதற்கு இடப்பட்டிருந்தது. தாஜ் மகால், கோதாவரி, கோலியாஸ் முதலிய காளைகளும் அக்காலத்தில் வந்தவையே. இன்றைய நெலோர் மாடுகளின் வமிசாவளியை ஆராய்ந்தால் இச்சில காளைகளின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்.

இனத்தைப் பெருக்கிய முறை

இந்தியாவிலிருந்து மொத்தத்தில் சில ஆயிரம் திமில் மாடுகளே பிரேசிலுக்குச் சென்றன. அவற்றிலிருந்து கோடிக்கணக்கான மாடுகள் எவ்வாறு வந்தன? காளைகள் உள்நாட்டுப் பசுக்களுடன் இணைக்கப்பட்டன. பிறந்த கிடாரிகள் மீண்டும் ஓங்கோல் காளைகளுடன் இணைக்கப்பட்டன. ஒவ்வொரு தலைமுறையிலும் பழைய இரத்தம் பாதியாகக் குறையும். முதல் தலைமுறையில் 1/2 ஆக இருக்கும் ஓங்கோல் பங்கு அடுத்து 3/4, 7/8, 15/16, 31/32 என உயரும். ஐந்து தலைமுறைகளில் தோற்றத்தில் வேறுபாடு காண இயலாத மாடு கிடைத்துவிடும். இது தரமேற்றுக் கலப்பு எனப்படும்.

இதன் தடயம் மாட்டின் உயிரணுவில் இன்றும் உள்ளது. இழைமணிகளின் மரபுப்பொருள் தாயிடமிருந்து மட்டுமே கன்றுக்கு வருவதாகும். 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பிரேசிலின் நெலோர் மாடுகளுள் பலவற்றில் அது ஐரோப்பிய வகையாகவே இருப்பதைக் காட்டியது. தந்தை வழி முழுவதும் ஆந்திரம். தாய் வழியின் தொடக்கம் போர்த்துகல். இந்தியாவிலிருந்து வந்த பசுக்களின் நேரடி வழித்தோன்றல்களைப் பண்ணையாளர்கள் தனி மதிப்புடன் பேணுவதற்கும், பதிவேட்டில் 'தோற்றத்தால் தூயவை' என்று அவற்றை வேறுபடுத்துவதற்கும் இதுவே அடிப்படை. இனப் பதிவேடு 1938ஆம் ஆண்டில் முறையாகத் தொடங்கப்பட்டது. நெலோர் காளையொன்றின் முழு மரபணுத்தொகை வரிசை 2012இல் வெளியிடப்பட்டது.

உடலமைப்பும் தாங்கும் திறனும்

வெண்ணிற மயிர் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. அதன் அடியிலுள்ள கருநிறத் தோல் கதிர்வீச்சிலிருந்து காக்கிறது. தளர்ந்த தோலும் அலைதாடியும் உடலின் பரப்பைக் கூட்டி வெப்பத்தை வெளியேற்ற உதவுகின்றன. வியர்வைச் சுரப்பிகளும் மிகுதி. உண்ணிகள் எளிதில் பற்றுவதில்லை. கன்று சிறிதாகப் பிறப்பதால் ஈனுதல் எளிது. பரந்த மேய்ச்சல் நிலத்தில் மனிதர் துணையின்றியே பசு ஈன்றுவிடுகிறது. பிறந்த கன்று விரைவில் எழுந்து நிற்கும். கொம்பற்ற நெலோர் வகையும் உண்டு. தலையும் குடலும் உடலளவுக்குச் சிறியவை ஆதலால் உயிருள்ள எடையில் இறைச்சியாகக் கிடைக்கும் பங்கு நன்றாகவே இருக்கிறது. மாட்டின் குணம் சற்று மிரட்சியுடையது.

இறைச்சித் தரம்

நெலோர் இனப்பெருக்கத்தில் இன்றளவும் தீராத சிக்கல் இறைச்சியின் மென்மையும் கொழுப்பும் ஆகும். இதனைப் புரிந்துகொள்ள மறுமுனையில் உள்ள சப்பானின் வாகியூ மாட்டுடன் ஒப்பிடுவது உதவும்.

மாட்டின் உடலில் கொழுப்பு பல இடங்களில் சேர்கிறது: வயிற்று உறுப்புகளைச் சுற்றி, தோலுக்கு அடியில், தசைகளுக்கு இடையில், இறுதியாகத் தசைக்குள்ளேயே. தசைக்குள் வெண்ணிற இழைகளாகப் படரும் கொழுப்பு பளிங்குக் கல்லின் கோடுகளை ஒத்திருப்பதால் ஆங்கில வழக்கில் 'மார்பிளிங்' எனப்படுகிறது. தமிழில் இதனைப் பளிங்குக் கொழுப்பு எனலாம். சமைக்கும்போது இது உருகி இறைச்சிக்கு மென்மையும் சாறும் சுவையும் தருகிறது. சப்பானியத் தர முறையில் ஆறாம், ஏழாம் விலா எலும்புகளுக்கு இடையில் வெட்டப்பட்ட பகுதியைப் பார்த்து இக்கொழுப்புக்கு 1 முதல் 12 வரை எண் தரப்படும். இறைச்சி கிடைக்கும் அளவுக்கு ஏ, பி, சி என்ற எழுத்தும், தரத்துக்கு 1 முதல் 5 வரை எண்ணும் சேர்த்து வழங்கப்படும். புகழ்பெற்ற 'ஏ5' இதுவே. கருநிற வாகியூ மாட்டின் முதுகுத் தசையில் கொழுப்பு முப்பது விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். புல் மேய்ந்த நெலோர் மாட்டில் அதே தசையில் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு விழுக்காடு வரையே இருக்கும்.

இவ்வேறுபாட்டுக்கு இனம் மட்டும் காரணமன்று. வாகியூ மாடு ஏறத்தாழ இரண்டரை வயது வரை தொழுவத்தில் தானிய உணவு ஊட்டப்பட்டு வளர்வது. நெலோர் மாடு ஆப்பிரிக்கப் புல் வகைகள் விதைக்கப்பட்ட திறந்தவெளியில், வறண்ட மாதங்களில் எடை குறைந்தும் மழையில் எடை கூடியும் வளர்வது. தசைக்குள் கொழுப்பு சேர்வது பொதுவாகக் கடைசியில்தான். உணவு மிஞ்சினாலன்றி அந்த நிலையை உடல் எட்டுவதில்லை. எனினும் ஒரே தீவனத்தை ஊட்டினாலும் நெலோர் வாகியூ ஆகிவிடாது.

மென்மைக் குறைவுக்கு வேறொரு காரணமும் உண்டு. மாடு வெட்டப்பட்ட பின் தசையிலுள்ள கால்பெயின் என்னும் நொதி தசை நார்களை மெல்ல மெல்லச் சிதைத்து இறைச்சியை மென்மையாக்குகிறது. கால்பாசுட்டாட்டின் என்னும் புரதம் இந்த நொதியைத் தடுக்கிறது. திமில் மாடுகளில் இத்தடுப்புப் புரதத்தின் செயற்பாடு மிகுதி. ஆகவே இறைச்சி பதமாக நீண்ட நாட்கள் ஆகும். தோலடிக் கொழுப்பு மிக மெல்லியதாக இருந்தால் குளிர் அறையில் தசை திடீரெனக் குளிர்ந்து சுருங்கி மேலும் கடினமாகிவிடும். இதனால் பிரேசிலின் இறைச்சிக் கூடங்கள் குறைந்தது 3 மில்லிமீட்டர் தோலடிக் கொழுப்பை எதிர்பார்க்கின்றன. ஆத்திரேலியாவின் இறைச்சித் தர முறையில் திமிலின் உயரமே அளக்கப்படுகிறது. உயரம் கூடக் கூட மதிப்பெண் குறையும். இந்திய மாட்டின் அழகுக்கு இலக்கணமான திமில் அங்கே குறையாகிவிட்டது.

தெரிவு முறைகள்

தொடக்கத்தில் காளைகள் காதின் வடிவம், நெற்றி, நிறம் முதலிய வெளித்தோற்றத்தைக் கொண்டே தெரிவு செய்யப்பட்டன. கண்காட்சிப் பரிசுக்கும் இறைச்சிக்கும் தொடர்பில்லை என்பது மெல்லவே உணரப்பட்டது. சாவோ பாவுலோ மாநிலத்தின் செர்த்தாவோசின்யோ ஆய்வு நிலையத்தில் 1970களின் பிற்பகுதியில் நெடுங்காலத் தெரிவு ஆய்வு தொடங்கப்பட்டது. அங்கு ஒரு மந்தை சராசரி எடையுடைய காளைகளைக் கொண்டும், மற்ற மந்தைகள் மிகுந்த எடையுடையவற்றைக் கொண்டும் பெருக்கப்பட்டு ஒப்பிடப்பட்டன. ஓராண்டு எடையைத் தெரிவின் மூலம் உயர்த்த முடியும் என்பதை இது ஐயமற நிறுவியது.

இன்று ஒரு காளையின் மதிப்பு அதன் எடையால் அன்றி அதன் கன்றுகள் சராசரியிலிருந்து எவ்வளவு வேறுபடும் என்ற கணிப்பால் குறிக்கப்படுகிறது. எடை, விதைப்பையின் சுற்றளவு, கிடாரி முதலில் சினைப்படும் வயது ஆகியவற்றுடன் இறைச்சிப் பண்புகளும் கணக்கில் சேர்ந்துள்ளன. விதைப்பையின் சுற்றளவை அளப்பது வியப்பாகத் தோன்றலாம். பெரிய சுற்றளவுடைய காளைகளின் வழியில் பிறக்கும் கன்றுகள் விரைவில் பருவமடையும் என்பதே காரணம். இறைச்சியை அறிய மாட்டை வெட்ட வேண்டியதில்லை. மீயொலிக் கருவியைப் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் விலா எலும்புகளுக்கு இடையில் வைத்து முதுகுத் தசையின் பரப்பும் கொழுப்பின் தடிப்பும் அளக்கப்படுகின்றன. தசைப் பரப்பிலும் தோலடிக் கொழுப்பிலும் முன்னேற்றம் காண்பது எளிதாயிற்று. பளிங்குக் கொழுப்பில் அவ்வாறு இல்லை. புல் மேயும் மந்தையில் எல்லா மாடுகளிலும் அது குறைவாகவே இருப்பதால், எது மேம்பட்டது என்று பிரித்தறியவே கடினமாகிறது.

ஆகவே மென்மையான இறைச்சியை விரும்பும் பண்ணையாளர் பலர் நெலோர் பசுவுக்கு ஆங்கசு காளையின் விந்தைச் செலுத்துகின்றனர். பிறக்கும் முதல் தலைமுறைக் கன்று தாயின் தாங்கும் திறனையும் தந்தையின் இறைச்சித் தரத்தையும் ஓரளவு பெறுகிறது. கலப்பு வீரியத்தால் விரைந்தும் வளர்கிறது. சீனா தான் வாங்கும் மாட்டிறைச்சிக்கு 30 மாத வயது வரம்பு விதித்திருப்பதும் விரைவான வளர்ச்சியின் மதிப்பைக் கூட்டியுள்ளது. பிரேசிலில் கொழுத்த மாட்டின் விலை 15 கிலோகிராம் கொண்ட 'அரோபா' என்னும் அளவில் பேசப்படுகிறது. பளிங்குக் கொழுப்பு கூடினாலும் அரோபா ஒன்றுக்குக் கிடைக்கும் விலை பெரிதும் மாறாத சந்தையில் சாதாரணப் பண்ணையாளருக்கு அதில் நாட்டம் குறைவாக இருப்பது இயல்பே.

எண்ணிக்கையும் குறுகும் வமிசமும்

செயற்கை முறைக் கருவூட்டலும் சோதனைக்குழாய்க் கருவாக்கமும் பிரேசிலில் மிகப் பரவலாக நடைபெறுகின்றன. சிறந்த பசு ஒன்று வாடகைத் தாய்ப் பசுக்கள் மூலம் ஆண்டுக்குப் பல கன்றுகளைப் பெறலாம். 'வியாட்டினா-19' என்ற நெலோர் பசுவின் மூன்றில் ஒரு பங்கு உரிமை 2023இல் ஏலம் விடப்பட்டபோது, அதன் முழு மதிப்பு நாற்பது இலட்சம் அமெரிக்க டாலருக்கும் மேல் எனக் கணக்கிடப்பட்டது. 1,101 கிலோகிராம் எடையுள்ள அப்பசு, ஏலத்தில் மிக உயர்ந்த விலை பெற்ற மாடாகக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது.

இதன் மறுபக்கமும் கருதத்தக்கது. எல்லோரும் ஒரே சில காளைகளின் விந்தைத் தேடும்போது கோடி மாடுகள் இருந்தும் அவற்றின் மரபு அகலம் குறைகிறது. வாகியூ இனத்திலும் இதுவே நடந்தது. இன்றைய கருநிற வாகியூ மாடுகள் ஏறத்தாழ எல்லாமே 1939இல் பிறந்த 'தாசிரி' என்ற ஒரே காளையின் வழியில் வந்தவை எனக் கூறப்படுகிறது. பண்பு ஒன்றைக் கூர்மையாக்கும் எந்தத் தெரிவுக்கும் இந்த விலை உண்டு.

நெலோர் மாட்டின் தாங்கும் திறனே அமேசான் காடுகளுக்குக் கேடாகவும் முடிந்தது. ஐரோப்பிய மாடுகள் நிலைக்க இயலாத வெப்ப மண்டலத்தில் இவை நிலைத்தன. மேய்ச்சல் நிலத்துக்காகக் காடு அழிக்கப்படுவது அங்கு நிகழும் காடழிப்பின் முதன்மைக் காரணமாக உள்ளது.

இந்தியாவில் நிலை

இந்தியாவில் ஓங்கோல் இனம் இறைச்சிக்காக எக்காலத்திலும் தெரிவு செய்யப்படவில்லை. சட்டமும் அதற்கு இடமளிப்பதில்லை. ஆந்திரத்தில் 1977ஆம் ஆண்டின் சட்டம் பசுவதையைத் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதுக்கு மேற்பட்டு உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாதவை, நிலையாக முடமானவை ஆகியவற்றையே சான்றிதழ் பெற்று வெட்டலாம். பசுவையும் கிடாரியையும் வெட்டுவது 1976ஆம் ஆண்டின் அரசாணையால் தடுக்கப்பட்டது. மாட்டிறைச்சி ஏற்றுமதிக்கும் இந்தியாவில் தடை உண்டு. ஏற்றுமதியாவது எருமை இறைச்சியாகும். எனவே இளம் மாட்டைக் கொழுக்க வைத்து இறைச்சித் தரத்துக்காகப் பெருக்குவது இங்கு நடைமுறையில் இயலாது.

இழுவை எருதின் இடத்தை டிராக்டர் பிடித்ததும், பாலுக்காகச் செர்சி, ஓல்சுடீன் கலப்பினங்கள் பரவியதும் ஓங்கோல் வளர்ப்பை நலிவடையச் செய்தன. கோயில் காளை வழக்கமும் பொதுமேய்ச்சல் நிலமும் சுருங்கின. இன்று கல் இழுக்கும் போட்டிகளுக்கென எருதுகளை வளர்ப்போரும், குண்டூருக்கு அருகிலுள்ள லாம் ஆராய்ச்சி நிலையமும், நெல்லூர் மாவட்டம் சிந்தலதேவியில் உள்ள தேசியக் காமதேனு இனப்பெருக்க மையமும் இவ்வினத்தைப் பேணி வருகின்றனர்.

பிரேசில் அடைந்த பயனில் தாயகத்துக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி அவ்வப்போது எழுகிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டம் இந்திய உயிர் வளங்களை வெளிநாட்டார் பெறுவதை நெறிப்படுத்துகிறது. அதனைச் செயற்படுத்தும் தேசிய உயிரியற் பன்மை ஆணையம் 2003இல் சென்னையில் அமைக்கப்பட்டது. ஓங்கோல் மாடுகள் கப்பலேறியது அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் முன்பாகும். அவை திருடப்படவில்லை, விலைக்கே விற்கப்பட்டன. நல்ல விலைக்கு நல்ல காளையை விற்ற உழவர் தவறு ஏதும் செய்ததாகக் கூற முடியாது.

தொடர்புடைய இனங்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உருவான பிராமன் இனத்தில் ஓங்கோலுடன் காங்ரேஜ், கிர், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளும் கலந்துள்ளன. இதன் வளர்ப்போர் சங்கம் 1924இல் தொடங்கப்பட்டது. பிரேசிலின் இந்துபிரசில் இனம் கிர், காங்ரேஜ், நெலோர் ஆகியவற்றின் கலப்பாகும். இந்தோனேசியாவின் சும்பா தீவுக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர் கொண்டுசென்ற ஓங்கோல் மாடுகள் 'சும்பா ஓங்கோல்' என்ற பெயரில் அங்கு இன்றும் வளர்க்கப்படுகின்றன. பெயர் மாறாமல் வெளிநாட்டில் நிலைத்த வழி இது ஒன்றே எனலாம்.